முன்பக்கம் ‘டொக்’ என்று தட்டினால்: எதையும் மாற்றும் முன் எங்கே ஆட்டம் என்று கண்டுபிடியுங்கள்

கேள்வி இதுதான்: 150 சிசி பைக், 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே ‘டொக்’ என்று ஒரு தட்டு. வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போதும் அதே சத்தம். கோன் செட் (ஹேண்டில் திரும்புவதற்காக ஃபிரேமின் கழுத்தில் இருக்கும் பேரிங்குகள்) மாற்றியதும் இரண்டு வாரம் சத்தமே இல்லை. இப்போது மறுபடியும் வந்துவிட்டது. அடுத்து எதை மாற்றுவது?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே இரண்டு துப்புகள் இருக்கின்றன. புது கோன் செட் இரண்டு வாரம் அமைதியாக இருந்து பிறகு தட்டுகிறது என்றால், பெரும்பாலும் அதன் கப் (குண்டுகள் ஓடும் கிண்ண வளையம்) உட்கார வேண்டிய இடத்தில் முழுசாக உட்காராமல் இருந்து, ஓட ஓட இறங்கி லூஸாகியிருக்கும். வேகத்தடையில் ஏறும்போது வராமல் இறங்கும்போது மட்டும் வருகிற தட்டு கோன் செட்டுக்கு அவ்வளவாகப் பொருந்தாது; அது ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு சஸ்பென்ஷன் கால்கள்) உள்ளே இருந்து வரக்கூடியது. உங்களுக்கு ஒரே சத்தமாகக் கேட்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபோர்க், டி (ஃபிரேமின் கழுத்துக்குக் கீழே ஃபோர்க் கால்கள் இரண்டையும் சேர்த்துக் கவ்வும் பாகம்), ஹேண்டில் எல்லாம் ஒன்றோடொன்று இறுக்கிய உலோகம். எங்கே தட்டினாலும் அதிர்வு மேலே ஏறி உள்ளங்கையில் ஒரே மாதிரிதான் வந்து சேரும். அதனால் காதை நம்பி இடத்தைச் சொல்ல முடியாது. விரல் நுனிதான் சொல்லும்.

எல்லோரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுவது. தட்டினால் ‘கோன் செட் போச்சு’ என்று தீர்ப்பு. இந்தச் சோதனையில் பிரச்சினை என்னவென்றால், ஆட்டும்போது நான்கு ஐந்து மூட்டுகள் ஒரே நேரத்தில் அசைகின்றன: காலிபருக்குள் (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகம்) பிரேக் பேட், காலிபரின் சறுக்கு பின், சக்கர பேரிங், ஃபோர்க் பைப்புக்கும் பாட்டம் கேஸுக்கும் (பைப் உள்ளே ஏறி இறங்கும் கீழ்க்குழல்) இடையிலான புஷ் எனும் வளையம், கடைசியாகத்தான் கோன் செட். ஐந்தில் எது தட்டினாலும் இந்தச் சோதனை ‘ஆமாம்’ என்றே சொல்லும். சரியான கோன் செட்டுகள் இப்படித்தான் வீணாகக் கழற்றப்படுகின்றன.

மூட்டுகளைப் பிரிக்கும் முன், உயிருக்கு ஆபத்தானவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். காலிபரை ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள், முன் ஆக்சில் நட், ஆக்சிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட், ஃபோர்க்கை டியில் கவ்வும் போல்ட்டுகள், ஹேண்டில் கிளாம்ப். ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை வைத்து, இறுக்கும் திசையில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் அதுவே உங்கள் சத்தமாக இருக்கலாம். காலிபர் போல்ட் 8 மி.மீ. என்றால் 25 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், 10 மி.மீ. என்றால் 40ஐ ஒட்டியும் இறுக்கம் இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. காலிபர் போல்ட் ஒன்று விழுந்திருந்தாலோ சக்கரம் பக்கவாட்டில் ஆடினாலோ வண்டியை எடுக்காதீர்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். முதலில் பிரேக்கை விலக்குவோம். முன் டயரைச் சுவரில் முட்டவைத்து, பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைப் பிடித்து வண்டியைச் சுவர்ப் பக்கம் அழுத்தி அழுத்தி விடுங்கள். பிரேக் பிடித்து ஆட்டியபோது வந்த தட்டு இப்போது இல்லையென்றால் குற்றவாளி பேட், காலிபர், டிஸ்க் இவற்றில் ஒன்று. தட்டு அப்படியே வந்தால் பிரேக் பாகங்கள் மீது சந்தேகம் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத கரடுமுரடான பாதையில் 20 கி.மீ. வேகத்தில் போங்கள். ‘கட கட’ என்று வரும்போது முன் பிரேக் லீவரை, வேகம் குறையாத அளவுக்கு, ஒரு இழை மட்டும் இழுங்கள். பேட் டிஸ்க்கைத் தொட்டதும் சத்தம் நின்றால், ஆடிக்கொண்டிருந்தது பேட் அல்லது காலிபர். சத்தம் நிற்காவிட்டால் வேறு இடம்.

பேட்டில் ஒரு நுணுக்கம். வண்டியைக் கொஞ்சம் பின்னால் உருட்டிவிட்டு, முன்னால் நகரும்போது முதல் தடவை பிரேக் பிடித்தால் ஒரு ‘டிக்’ வரும். அடுத்தடுத்த பிரேக்கில் வராது. பேட் தன் இடத்தில் பின்பக்கமிருந்து முன்பக்கம் நகர்ந்து முட்டும் சத்தம் அது. சின்னதாக இருந்தால் இயல்பானது, விட்டுவிடலாம். பெரிதாகத் தட்டினால் காலிபரைக் கழற்றி, பேட்டுக்கு மேலே இருக்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங்கைப் பாருங்கள். பேட் மாற்றும்போது அதைப் போட மறப்பதும் தலைகீழாகப் போடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பேட் தொங்கும் பின்னில் பள்ளம் விழுந்திருந்தால் பின்னை மாற்றுங்கள். சறுக்கு பின் உலர்ந்து ஆடினால் துடைத்துவிட்டு சிலிகான் வகை பிரேக் கிரீஸ் பூசுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதி, காலிபர் நகராமல் மாட்டிக்கொள்ளும்.

மிதக்கும் வகை டிஸ்க் என்றால், நடுத்தட்டையும் வெளிவளையத்தையும் இணைக்கும் பித்தான்களில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். சுழலும் திசையில் கையாலேயே ‘டக் டக்’ என்று நன்றாக ஆட்ட முடிந்தால்தான் தேய்மானம். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டின் காடிக்குள் ஃபோர்க்கில் உள்ள முளை உட்கார்ந்திருக்கும். அந்தக் காடி அகன்றுபோனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் பிளேட் முன்னே வந்து முளையில் இடிக்கும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு சத்தம் தொடங்கியிருந்தால் முளை காடிக்குள் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். வெளியே இருந்தால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட்டே சுற்றி சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அடுத்த சோதனைகளுக்கு முன் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்தால் போதும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியைப் பின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினுக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்குங்கள். சைலன்சர் குழாயிலோ ஆயில் ஃபில்டரிலோ ஜாக்கி படக்கூடாது. டியின் அடியில் கம்பி நுழைத்துத் தூக்கும் ஸ்டாண்ட் இந்த வேலைக்கு ஆகாது. அது வண்டியின் பாரத்தை கோன் செட் வழியாகவே தாங்குவதால், இருக்கிற ஆட்டத்தையும் மறைத்துவிடும்.

தொங்கும் சக்கரத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இன்னொருவர் ஹேண்டில் திரும்பாமல் பிடித்துக்கொள்ளட்டும். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங் போய்விட்டது. 6301, 6302, 6202 போன்ற எண்கள் பழைய பேரிங்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். அதே எண்ணை வாங்குங்கள். மாற்றும்போது இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஹப்புக்குள் இருக்கும் குழாய் ஸ்பேசரைப் போட மறந்தால், ஆக்சிலை இறுக்கும்போது பேரிங்கின் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்கப்பட்டு, புது பேரிங்கும் சீக்கிரமே கெட்டுவிடும்.

இப்போது கோன் செட்டா, ஃபோர்க் புஷ்ஷா என்ற கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி ஆடும். பாட்டம் கேஸ் இரண்டையும் ஆக்சில் அருகே பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். தட்டுகிறதா? கையை மேலே கொண்டுபோய், பாட்டம் கேஸை விட்டுவிட்டு, டிக்குச் சற்றுக் கீழே பளபளக்கும் ஃபோர்க் பைப்பை இறுகப் பிடித்து அதே மாதிரி தள்ளி இழுங்கள். இப்போதும் தட்டினால் கோன் செட். கீழே பிடித்தால் மட்டும் தட்டி, மேலே பிடித்தால் தட்டாவிட்டால் புஷ். மேலே பிடிக்கும்போது நெம்பும் நீளம் குறைவு என்பதால் நன்றாக பலம் கொடுத்தே பாருங்கள்.

இதை உறுதி செய்ய விரல். ஒருவர் ஆட்டட்டும். நீங்கள் ஆள்காட்டி விரலை, டியின் மேற்புறமும் ஃபிரேமின் கழுத்தும் சந்திக்கும் இடைவெளியில் குறுக்காக வையுங்கள். விரலின் பாதி ஃபிரேமிலும் பாதி டியிலும் படவேண்டும். கோன் செட் லூஸ் என்றால் அந்த இடைவெளி ஒரு மயிரிழை திறந்து மூடுவதைத் தோல் உணரும். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். அதே விரலை பாட்டம் கேஸின் மேல்விளிம்பில், டஸ்ட் சீலும் பைப்பும் சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஓர் இடி உணர்ந்தால் புஷ். சீல் ரப்பர் நெளிவது வேறு, உலோகம் இடிப்பது வேறு. முதலாவது மெத்தென்று இருக்கும், இரண்டாவது சுருக்கென்று நிற்கும். ஹேண்டில் கிளாம்புக்கு அடியில் ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் ஹேண்டிலைப் பிடித்து ஆட்டி முடிவுக்கு வராதீர்கள். அந்த ரப்பரின் நெளிவைக் கோன் செட் ஆட்டமாக எடுத்துக்கொள்வது எளிது.

கோன் செட்டில் லூஸ் மட்டுமல்ல, பள்ளமும் பார்க்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது ஒற்றை விரலால் ஹேண்டிலை இடம் வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ‘க்ளிக்’ என்று பிடித்து நின்றால் கப்பில் பள்ளம் விழுந்துவிட்டது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு குழியின் அடியையும் அதே குண்டுகள் அதே புள்ளிகளில் வாங்குகின்றன. அசைவில்லாத அந்த இடத்தில் கிரீஸ் விலகி, குண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குழி விழும். இந்த நிலையில் டைட் செய்வது வீண்வேலை: நேரான நிலையில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் குண்டு குழியிலிருந்து மேலேறும்போது, அதாவது வளைவில் திருப்பும்போது, ஹேண்டில் விறைக்கும். திருப்பும்போது லேசாக இருக்கும்படி வைத்தால் நேரான நிலையில் தட்டும். இரண்டும் சரியாக இருக்கும் இடமே கிடையாது. கோன் செட்டை மாற்றுவது மட்டுமே வழி.

உங்கள் கோன் செட் புதிது, பள்ளம் இருக்காது என்றே நம்புகிறேன். லூஸாக இருந்தால் ஏன் என்று பாருங்கள். ஃபிரேமுக்குள் அடிக்கும் கப் அடிவரை போகாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்பது முதல் காரணம். டியின் அடியில் ஸ்டெம்மில் (டியின் நடுத்தண்டு) ஏற்றும் கீழ்க் கோன் முழுசாக இறங்காதது இரண்டாவது. கப் அடிக்கும்போது சுத்தியல் சத்தத்தைக் கவனியுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும் வரை மழுங்கலாகக் கேட்கும். அடியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறும். பழைய கப்பையே மேலே வைத்து அடித்தால் விளிம்பில் சமமாக இறங்கும். குண்டுகளின் எண்ணிக்கை குறைவதும் கூடுவதும் மூன்றாவது காரணம். மேலுக்கும் கீழுக்கும் ஒரே எண்ணிக்கை என்று எல்லா வண்டியிலும் எடுத்துக்கொள்ள முடியாது, பழையதை எண்ணிவையுங்கள்.

கப் சரியாக உட்கார்ந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்தாலே போதும். மேல் பிரிட்ஜில் (ஃபோர்க் கால்களை மேலே சேர்த்துக் கவ்வும் பாகம்) ஃபோர்க்கைக் கவ்வும் போல்ட்டுகளைக் கட்டாயம் தளர்த்துங்கள். இதைத் தளர்த்தாமல் நட்டைத் திருகினால் பைப் பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டிருக்கும். நட் இறுகியது போலத் தோன்றும், கோன் செட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. டியின் கீழ் போல்ட்டுகளைத் தொட வேண்டாம். பிறகு ஸ்டெம்மின் மேல் நட்டைத் தளர்த்தி, அடியில் பல்வெட்டு உள்ள அட்ஜஸ்ட்டிங் நட்டை சி ஸ்பேனரால் விறைப்பு உணரும்வரை இறுக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்துத் தடவை திருப்புங்கள். குண்டுகளும் கிரீஸும் இடம் பிடிக்கட்டும். இப்போது நட்டை முழுசாகத் தளர்த்தி, ஆட்டம் மறையும் புள்ளி வரை மறுபடி இறுக்கி, அதற்கு மேல் ஒரு சிறு இழுப்பு. குண்டுக்குப் பதில் கூம்பு உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் வகை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மேல் நட்டை இறுக்கும்போது அது மரையின் இடைவெளியைக் கீழே அழுத்துவதால் செட்டிங் டைட்டாக மாறும். ஆகவே எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபிறகு மறுபடி சோதியுங்கள். சக்கரம் தொங்கும்போது ஹேண்டிலை நேரிலிருந்து லேசாகத் தட்டினால் தன் பாரத்திலேயே கோடிவரை வழுக்கிப் போக வேண்டும். கேபிளோ வயரோ இழுத்துப் பிடித்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும், அவற்றை விலக்கிப் பாருங்கள்.

சத்தத்துக்குப் பயந்து அதிகமாக இறுக்கிவிடுகிறவர்கள் பலர். அப்படி இறுக்கிய வண்டி மெதுவாகப் போகும்போது பாம்பு போல நெளியும், வளைவில் விட்ட இடத்திலேயே நிற்கும். லூஸைவிட இது பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். புது கோன் செட்டை 500 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி அட்ஜஸ்ட் செய்வது வேலையின் ஒரு பகுதி. உங்கள் வண்டிக்கு அந்த இரண்டாவது அட்ஜஸ்ட் நடக்கவே இல்லை என்று தோன்றுகிறது.

வேகத்தடையில் இறங்கும்போது வரும் தட்டுக்கு வருவோம். சக்கரம் பள்ளத்தை நோக்கி விழும்போது ஃபோர்க் முழுநீளத்துக்கு நீள்கிறது. அந்த நீட்சியை மெதுவாக்குவது உள்ளே இருக்கும் டேம்பர் கம்பியின் துளைகள் வழியே புகும் ஃபோர்க் ஆயில். ஆயில் குறைந்தோ நீர்த்தோ போயிருந்தால் தடையில்லாமல் நீண்டு, மேல் எல்லையில் உள்ள குட்டி ஸ்பிரிங்கை இடித்து நிற்கும். அதுதான் ‘டங்’. 38,000 கி.மீ. வரை ஃபோர்க் ஆயில் மாற்றவில்லையென்றால் முதல் சந்தேகம் இதன் மீதுதான். சோதிக்க, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நன்றாக அமுக்கி, சட்டென்று கையை எடுங்கள். நல்ல ஃபோர்க் ஒரே மூச்சில் நிதானமாக எழுந்து நிற்கும். ஆயில் போனது துள்ளி எழும்.

எதிர்ப்பக்கமும், அதாவது ஃபோர்க் அமுங்கும்போது என்ன ஆகிறது என்றும், பாருங்கள். வெளியே தெரியும் ஃபோர்க் பைப்பில், டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, சீலைத் தொடும்படி இறக்கிவிட்டு ஒரு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். ஃபோர்க் அமுங்கும்போதெல்லாம் சீல் அதை மேலே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். மாலையில் அது பைப்பின் மேல்கோடியில், டிக்கு அருகே போய் நின்றால், ஃபோர்க் அடிவரை அமுங்கி இடிக்கிறது என்று அர்த்தம். பாதி வழியில் நின்றால் அந்த ‘டொக்’ அடியில் இடிப்பதால் வருவதல்ல.

ஆயிலை மாற்றும்போது ‘இத்தனை மில்லி’ என்று ஊற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். பழைய ஆயில் முழுசாக வடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புது அளவு முழுசாக ஊற்றினால் மொத்தம் கூடிவிடும். மேலிருக்கும் காற்று இடம் குறைந்து ஃபோர்க் விறைத்து, சீல் கசியும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, பைப்பை அடிவரை அமுக்கி, பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் மட்டம் எத்தனை மி.மீ. கீழே இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, மேனுவல் சொல்லும் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு கால்களிலும் ஒரே மட்டம் இருக்க வேண்டும். மேல் மூடியைக் கழற்றும்போது உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது. முகத்தை விலக்கி, மூடியைக் கையால் அமுக்கியபடியே கடைசி மரைகளைத் திருகுங்கள்.

பாட்டம் கேஸின் அடியில், ஆக்சிலுக்குக் கீழே குழிக்குள், ஒரு ஆலன் போல்ட் இருக்கும். உள்ளே டேம்பர் கம்பியைப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் கம்பியே மேலும் கீழும் நகர்ந்து தட்டும். செம்பு வாஷர் வழியே ஆயில் கசிந்து அந்தக் குழி ஈரமாக இருப்பது அடையாளம். ஈரமாகத் தெரிந்தால் மற்றதற்கெல்லாம் முன் இதைக் கவனியுங்கள்.

புஷ்தான் தேய்ந்திருந்தால் ஃபோர்க்கை முழுசாகக் கழற்ற வேண்டும். பல சிறிய வண்டிகளில் தனி புஷ்ஷே கிடையாது. பைப் நேரடியாக அலுமினிய பாட்டம் கேஸில் ஓடும். அங்கே ஆட்டம் வந்தால் பாட்டம் கேஸையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அந்த முடிவுக்கு வரும் முன் மேலே சொன்ன விரல் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள்.

எதுவும் சிக்காவிட்டால் முன்பக்கம் போல நடிக்கும் சத்தங்கள் சில உண்டு. சாவிக்கொத்து மேல் பிரிட்ஜில் தட்டுவது. சாவியைத் தனியாகப் போட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். மட்கார்டின் உள் போல்ட், ஹாரன் தகடு, ஹெட்லைட் கிண்ணம், டேங்கின் முன் ரப்பர். ஆக்சிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் தட்டினால் இன்ஜினின் முன் மவுன்டிங் போல்ட்டையும் செயின் தளர்வையும் பாருங்கள். சில ஏபிஎஸ் வண்டிகள் கிளம்பிய சில மீட்டரில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும்போது ஒரு ‘டக்’ கொடுக்கும். அது கோளாறு இல்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்லும் வரிசை: சுவர் சோதனை, விரல் சோதனை, கோன் செட் மறு அட்ஜஸ்ட். அதை முடித்து இரண்டு நாள் ஓட்டி, பிரேக்கில் வரும் தட்டு போய்விட்டதா என்று பார்த்த பிறகே ஃபோர்க் ஆயிலைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எந்தச் சத்தம் எதனால் போனது என்று தெரியாது. அட்ஜஸ்ட் முடிந்ததும் மேல் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை ஒரு கோடு பெயிண்ட் இழுத்துவையுங்கள். 500 கி.மீ. கழித்துக் கோடு நேராக இருந்தும் இடைவெளியில் விரலுக்கு அசைவு தெரிந்தால், நட் நகரவில்லை, கப்தான் இறங்கியிருக்கிறது. அப்போது கழற்றி, கப்பை அடிவரை உட்காரவைக்கச் சொல்லுங்கள்.